மேற்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்த வேண்டும்

உணவை மெல்லுவதற்கும், சொற்களைத் திருத்தமாக உச்சரிப்பதற்கும், முகத்திற்கு வடிவு தருவதற்கும் பற்கள் பயன்படுகின்றன என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஆயினும், பற்கள் சொத்தையின்றி இருந்தால் மட்டும் போதாது. மேல்தாடைப் பற்களும் கீழ்த்தாடைப் பற்களும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தவும் வேண்டும். திருகையின் மேற்கல்லும் அடிக்கல்லும் பொருந்தாவிடில் தானியம் அரைபடாது. அவ்வாறே பற்கள் பொருந்தாவிடில் உணவும் நன்கு மெல்லப்படாது.

எடுப்புப் பல், தெற்றுப் பல், முன்தள்ளிய மோவாய் ஆகிய குறைகளைக் கொண்ட பிள்ளைகள் நம் தோட்டங்களிலும் இருக்கின்றனர். உடன் பயிலும் மாணவர்கள் அதனையே பட்டப்பெயராக்கி அழைப்பதும், அப்பிள்ளை வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சிரிப்பதும் நாம் காணாதவை அல்ல. "அப்பனுக்கு இருந்தது, பிள்ளைக்கும் இருக்கிறது" என்று பெற்றோரில் சிலர் வாளாவிருந்து விடுகின்றனர். வேறு சிலரோ, பிள்ளை வளர்ந்து தானே சம்பாதிக்கத் தொடங்கிய பின்னர், தகுதியற்ற ஒருவரிடம் மலிவாகக் கம்பி கட்டிக்கொள்ள இடங்கொடுத்து விடுகின்றனர். இவ்விரண்டும் தவறான வழிகளே. குறையைக் காலத்தே கண்டறிந்து, தக்கவரிடம் சிகிச்சை பெறுவது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் நாம் படிப்படியாகக் காண்போம்.

பற்கள் முளைக்கும் முறை

குழந்தைக்கு ஏறத்தாழ ஆறாம் மாதத்தில் முதற்பல் தோன்றுகிறது. இரண்டரை அல்லது மூன்று வயதிற்குள் இருபது பால்பற்களும் முளைத்து விடுகின்றன. ஆறு வயதளவில், பால்பற்கள் எவையும் விழாமலேயே, அவற்றுக்குப் பின்புறம் நான்கு பெரிய கடைவாய்ப்பற்கள் முளைக்கின்றன. இவை நிலையான பற்கள். பால்பற்கள் எனத் தவறாக எண்ணி, இவற்றைக் கவனியாது விடுவோர் பலர். வாழ்நாள் முழுவதும் பல்வரிசைக்குத் தூண்களாக நிற்க வேண்டியவை இவையே என்பதை நாம் மறக்கலாகாது.

ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரை பால்பற்களும் நிலையான பற்களும் கலந்து நிற்கும் பருவமாகும். பன்னிரண்டு வயதளவில் இரண்டாவது கடைவாய்ப்பற்களும், பதினேழு வயதிற்கு மேல் ஞானப்பற்களும் முளைக்கின்றன. அனைத்தும் முளைத்தால் நிலையான பற்கள் முப்பத்திரண்டு ஆகும். இக்கலப்புப் பருவமே குறையைக் கண்டறிவதற்கு மிகவும் ஏற்ற காலம்.

சீரான பொருத்தம் எப்படி இருக்கும்?

கடைவாய்ப்பற்களைச் சேர்த்துக் கடிக்கும்பொழுது, மேல் முன்பற்கள் கீழ் முன்பற்களுக்கு வெளிப்புறமாக 2 அல்லது 3 மில்லிமீட்டர் முன்னே நிற்க வேண்டும். அவை கீழ்ப்பற்களின் மேற்புறத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மறைக்க வேண்டும். பக்கங்களிலும் மேற்பற்கள் கீழ்ப்பற்களுக்குச் சற்று வெளியே அமைந்திருக்க வேண்டும். பெட்டியின் மூடி, பெட்டியின் விளிம்பைச் சுற்றிலும் அணைத்து நிற்பதைப் போன்றது இவ்வமைப்பு.

அமெரிக்கப் பல் மருத்துவர் எட்வர்ட் ஆங்கில் என்பார் 1899-ஆம் ஆண்டில் பொருத்தக் குறைகளை மூன்று வகையாகப் பிரித்தார். முதல் வகையில் கடைவாய்ப்பற்கள் சரியாகப் பொருந்தியிருக்கும். ஆனால் பற்கள் நெருக்கமாகவோ, திருகியோ, இடம் மாறியோ நிற்கும். இரண்டாம் வகையில் கீழ்ப்பல்வரிசை பின்தங்கியிருக்கும். பெரும்பாலும் மேற்பற்கள் எடுப்பாகத் தோன்றும். மூன்றாம் வகையில் கீழ்ப்பல்வரிசை முன்தள்ளியிருக்கும். கீழ்ப்பற்கள் மேற்பற்களுக்கு வெளியே வந்து நிற்பதும் உண்டு. இப்பாகுபாடு இன்றளவும் மருத்துவர்களால் பயன்படுத்தப்பட்டு வருகிறது.

குறைகள் தோன்றும் காரணங்கள்

முதலாவது காரணம் பரம்பரை. தாடையின் அளவும் வடிவும் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வருகின்றன. தாடை சிறுத்தும் பற்கள் பெருத்தும் அமைந்தால், ஒரே நிரையில் அளவுக்கு மிஞ்சிய கன்றுகளை நட்டது போல் பற்கள் நெருக்குண்டு நிற்கும்.

இரண்டாவது காரணம், பால்பற்களைக் காலத்திற்கு முன்பே இழப்பது. "எப்படியும் விழப்போகும் பல்தானே!" என்னும் சொல்லை நாம் அடிக்கடி கேட்கிறோம். இந்த எண்ணமே பல கேடுகளுக்கு வித்தாகும். பால்பல் ஒவ்வொன்றும் தனக்குப் பின் வரும் பல்லுக்கு இடம் காத்து நிற்கிறது. சர்க்கரை கலந்த பால்புட்டியை வாயில் வைத்தபடியே குழந்தையை உறங்கச் செய்வதாலும், ஓயாது இனிப்புத் தின்பதாலும் பால் கடைவாய்ப்பல் சொத்தையாகி, ஏழு வயதிலேயே பிடுங்கப்படுகிறது என்று கொள்வோம். அதன் இடத்தில் வரவேண்டிய பல் முளைப்பதற்குப் பத்து அல்லது பதினொரு வயதாகும். அதற்குள் பின்னாலிருக்கும் ஆறு வயதுக் கடைவாய்ப்பல் முன்னோக்கிச் சாய்ந்து அவ்விடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பிற்பாடு முளைக்கும் பல், இடமின்றி வெளியே தள்ளப்படுகிறது. அல்லது எலும்புக்குள்ளேயே சிக்கி நிற்கிறது.

மூன்றாவது காரணம் பழக்கங்கள். கைக்குழந்தை விரல் சூப்புவது இயற்கையே. நான்கு வயதிற்கு மேலும் அது தொடர்ந்தால், மேற்பற்கள் முன்தள்ளப்பட்டு, வாயை மூடினாலும் முன்பற்களுக்கிடையே திறப்பு விழுகிறது. நிலையான முன்பற்கள் முளைக்குமுன் இப்பழக்கத்தை நிறுத்திவிட்டால், அக்குறை பெரும்பாலும் தானே நீங்கும். அடிப்பதும் விரலில் கசப்பைத் தடவி அழவைப்பதும் வேண்டா. பகலில் அன்போடு நினைவூட்டுவதும், உறங்கும்பொழுது கைக்குத் துணியுறை போடுவதும் பயன் தரும். பிள்ளையைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பாட்டியிடமும் ஆயாவிடமும் இதனைச் சொல்லி வைத்தல் வேண்டும்.

இவையன்றி, பிறவியிலேயே உதடும் அண்ணமும் பிளவுபட்டிருத்தல், மூக்கடைப்பாலும் தொண்டைச் சதை வளர்ச்சியாலும் எந்நேரமும் வாயால் மூச்சு விடுதல், சிறு வயதில் மோவாய் அடிபட விழுந்து தாடை மூட்டு முறிதல் ஆகியவையும் காரணங்களாக அமையலாம்.

வீட்டிலேயே பார்க்கும் முறை

பெற்றோர் தம் பிள்ளைகளின் வாயை ஆறுமாதத்திற்கு ஒருமுறையேனும் பகல் வெளிச்சத்தில் பார்த்தல் நலம். பிள்ளையை நேராக உட்காரச் செய்து, எச்சிலை விழுங்கிவிட்டுக் கடைவாய்ப்பற்களைச் சேர்த்துக் கடிக்கச் சொல்லுங்கள். பின்னர் உதடுகளை மெல்ல விலக்கி, கீழ்க்காண்பவற்றைக் கவனியுங்கள்.

ஒன்று: மேல் முன்பற்கள் கீழ்ப்பற்களைவிட மிகவும் முன்னே நிற்கின்றனவா? இந்த இடைவெளி 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்டால் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். இத்தகைய பற்கள், பிள்ளை தவறி விழும்பொழுது எளிதில் உடைந்து போகும்.

இரண்டு: மேற்பல் ஏதேனும் கீழ்ப்பல்லுக்கு உட்புறமாகச் சென்று மாட்டிக்கொள்கிறதா? ஒரே ஒரு பல்லாயினும் இதனைப் புறக்கணித்தலாகாது. எதிர்ப்படும் கீழ்ப்பல் இடிபட்டு, அதன் ஈறு கீழிறங்கி விடக்கூடும்.

மூன்று: மேற்பற்கள் கீழ் ஈற்றையோ, கீழ்ப்பற்கள் மேல் அண்ணத்தையோ குத்துகின்றனவா?

நான்கு: வாயை மெதுவாக மூடும்பொழுது கீழ்த்தாடை ஒரு பக்கமாக நகர்ந்து செல்கிறதா? மோவாய் முகத்தின் நடுக்கோட்டிலிருந்து விலகி நிற்கிறதா?

ஐந்து: பத்து வயதில், மேல் பால் கோரைப்பல்லுக்கு மேலேயுள்ள ஈற்றின் வெளிப்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். வரவிருக்கும் கோரைப்பல் அவ்விடத்தில் ஒரு மேடாகத் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாவிடில் அது வழி தவறிச் செல்கின்றதா என்று மருத்துவர் ஊடுகதிர்ப்படம் எடுத்துப் பார்ப்பார். வழி தவறிய கோரைப்பல், பக்கத்துப் பற்களின் வேர்களைக் கரைத்துவிடும் ஆற்றலுடையது.

கவலை வேண்டாதவையும் உண்டு. பால்பற்களுக்கிடையே காணப்படும் சந்துகள் நல்லவையே. பின்வரும் பெரிய பற்களுக்கு அவை இடமளிக்கின்றன. ஏழு முதல் பதினொரு வயது வரை மேல் நடுப்பற்கள் இரண்டுக்கும் இடையே சிறிது இடைவெளி இருப்பதும் இயல்பே. கோரைப்பற்கள் இறங்கியதும் அது பெரும்பாலும் தானே அடைபடும். சிறிதளவு கோணலாக நிற்கும் பல் எல்லாவற்றுக்கும் சிகிச்சை தேவை என்பதும் இல்லை.

மருத்துவர் கண்டறியும் முறை

நம் நாட்டில் பள்ளிப் பிள்ளைகளின் பல் நலத்தைக் காக்கும் பணி நெடுநாளாக நடந்து வருகிறது. அதற்கெனப் பல் தாதியரைப் பயிற்றுவிக்கும் பள்ளி பினாங்கில் 1949-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. இன்று பல் சிகிச்சையாளர் எனப்படும் அவர்கள், குழுவாகத் தொடக்கப்பள்ளிகளுக்கு வந்து மாணவர்களின் பற்களைச் சோதிக்கின்றனர். அன்று அஞ்சிப் பிள்ளையை வீட்டில் நிறுத்தி வைக்காமல், தவறாது பள்ளிக்கு அனுப்புவது பெற்றோர் கடமை. பிள்ளையிடம் கொடுத்தனுப்பும் கடிதத்தையும் படித்தறிந்து அதன்படி நடத்தல் வேண்டும். குறை இருப்பின், அரசாங்கப் பல் மருத்துவகம் பல் சீரமைப்பு நிபுணரிடம் அனுப்பி வைக்கும்.

நிபுணர் முதலில் பிள்ளையின் முகத்தை முன்னிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் நோக்குவார். குறை பல்லில் மட்டும் உள்ளதா, தாடை எலும்பிலும் உள்ளதா என்பதைப் பிரித்தறிவதே அவருடைய முதல் வேலை. மருத்துவம் முழுவதும் இதைப் பொறுத்தே அமைகிறது. பின்னர் பற்களின் அச்செடுத்துச் சுண்ணச்சாந்தில் மாதிரி செய்வார். இப்பொழுது கருவியால் பதிவு செய்து கணினியில் காண்பதும் உண்டு. இரு தாடைகளையும் ஒருங்கே காட்டும் ஊடுகதிர்ப்படம் எடுத்து, முளையாத பற்களையும் வேர்களையும் ஆராய்வார். தலையைப் பக்கவாட்டில் அளவாக நிலைநிறுத்தி எடுக்கும் மற்றொரு படமும் உண்டு. 1931-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பிராட்பென்ட் என்பவரும், ஜெர்மனியில் ஹோஃப்ராத் என்பவரும் வகுத்த முறை இது. இப்படத்தில் கோடுகளும் கோணங்களும் வரைந்து, எந்தத் தாடை எவ்வளவு முன்பின்னாக உள்ளது என்று கணக்கிடுவர்.

சிகிச்சை வகைகள்

எலும்பில் ஊன்றிய பல் எவ்வாறு நகர்கிறது என்று சிலர் வியக்கலாம். பல்லின் வேரைச் சுற்றி மெல்லிய நார்த்திசு ஒன்று உள்ளது. பல்லை மென்மையாகவும் இடைவிடாமலும் ஒரு பக்கம் தள்ளினால், அழுத்தம் படும் பக்கத்தில் எலும்பு கரைகிறது. எதிர்ப்பக்கத்தில் புதிய எலும்பு வளர்கிறது. மாதத்திற்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் அளவே பல் நகரும். விரைவு வேண்டி வன்மையாக இழுத்தால் வேர் கரைந்து போகும். மரத்தைச் சீவுவோர் இதனை எளிதில் உணர்வர். பட்டையை அளவறிந்து சீவினால் பால் வரும். ஆழமாக வெட்டினால் மரத்திற்குக் காயம் ஏற்படும். பல் சீரமைப்பிலும் அளவும் பொறுமையுமே வேண்டப்படுகின்றன.

பால்பல்லைக் காலத்திற்கு முன் பிடுங்க நேர்ந்தால், இடம் காக்கும் சிறு கம்பி வளையம் பொருத்தப்படலாம். ஒரு மேற்பல் மட்டும் உட்புறம் மாட்டியிருந்தால், கழற்றி மாட்டக்கூடிய தகட்டில் அமைந்த சிறு சுருள்கம்பி அதனை வெளியே தள்ளும். கீழ்த்தாடை பின்தங்கிய பிள்ளைகளுக்கு, வளர்ச்சி வேகமாக நிகழும் பதினொரு முதல் பதின்மூன்று வயதளவில், தாடையை முன்னிறுத்திக் கடிக்கச் செய்யும் இரட்டைக் கட்டைக் கருவி தரப்படுகிறது. இதனை ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் கிளார்க் 1977-ஆம் ஆண்டில் உருவாக்கினார். மேல்தாடை பின்தங்கிய பிள்ளைகளுக்கு, அதைவிட இளம் வயதில், பெரும்பாலும் பத்து வயதிற்குள், முன்னோக்கி இழுக்கும் முகக்கருவி பயன்படும்.

நிலையான பற்கள் முளைத்த பின்னர், ஒவ்வொரு பல்லிலும் சிறு பிடியை ஒட்டி, அவற்றின் ஊடே கம்பியைச் செலுத்திச் சீரமைப்பதே பரவலான முறை. இடம் மிகவும் குறைவாக இருப்பின், சில பற்களை நீக்க நேரலாம். இச்சிகிச்சை ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் வரையிலும், சில வேளைகளில் அதற்கு மேலும் நீடிக்கும். நான்கு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும்.

மேற்பல்வரிசையையும் கீழ்ப்பல்வரிசையையும் இணைத்து இழுப்பதற்குச் சிறிய இரப்பர் வளையங்கள் மாட்டப்படுவது உண்டு. அவற்றுள் பல இயற்கை இரப்பர்ப் பாலினால் ஆனவை. நம் தொழிலாளர்கள் விடியுமுன் எழுந்து வடிக்கும் பால், பிள்ளைகளின் முகத்தைச் சீராக்கவும் உதவுகிறது என்பது மகிழ்ச்சிக்குரிய செய்தியன்றோ! வாயின் ஈரத்தில் இரப்பர் தளர்ந்து விடுமாதலால், மருத்துவர் சொன்னபடி நாள்தோறும் வளையத்தை மாற்றுதல் வேண்டும். இரப்பர் ஒவ்வாமை உடையோர் முன்னரே தெரிவித்தால், அவர்களுக்கு வேறு பொருளாலான வளையங்கள் தரப்படும்.

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்பது பழமொழி. பல்லைப் பொறுத்தமட்டில், ஈறும் எலும்பும் நலமாக இருந்தால் ஐம்பதிலும் அது நகரும். ஆனால் தாடை எலும்பின் வளர்ச்சியைத் திருப்பும் வாய்ப்பு இளமையில் மட்டுமே உண்டு. வளர்ச்சி நின்ற பின்னர், பெருங்குறையைச் சீர்செய்ய அறுவைச் சிகிச்சையே வழியாகும். காலத்தே காட்டுங்கள் என்று நாம் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம்.

கம்பி அணிந்தவர் ஒவ்வோர் உணவுக்குப் பின்னும் ஃபுளோரைடு கலந்த பற்பசையால் துலக்க வேண்டும். இன்றேல் கம்பியைச் சுற்றி வெண்புள்ளிகளும் சொத்தையும் தோன்றும். முறுக்கு, ஐஸ்கட்டி, கரும்பு போன்ற கடினமானவற்றையும், ஒட்டும் மிட்டாய்களையும், இனிப்புப் பானங்களையும் விலக்குதல் வேண்டும். கம்பி கழற்றப்பட்ட பின்னர், பற்கள் பழைய இடத்திற்குத் திரும்பாதிருக்க, நிலைநிறுத்தும் தகட்டை மருத்துவர் கூறும் காலம் வரை அணிதல் இன்றியமையாதது. இதில் தவறியோர் செலவிட்ட பணமும் காலமும் வீணாகும்.

உடனே செல்ல வேண்டிய வேளைகள்

விழுந்ததாலோ அடிபட்டதாலோ பற்கள் திடீரெனப் பொருந்தாமற் போனால், அல்லது வாயைத் திறக்கும்பொழுது தாடை ஒரு பக்கம் கோணினால், அது எலும்பு முறிவாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நிலையான பல் வேரோடு விழுந்துவிட்டால், வேரைத் தொடாமல் வெண்பகுதியைப் பிடித்து எடுத்து, அழுக்கிருப்பின் சிறிது நேரம் நீரில் அலசி, அதன் குழியிலேயே பொருத்துங்கள். இயலாவிடில் பாலில் இட்டு, இயன்றவரை ஒரு மணி நேரத்திற்குள் பல் மருத்துவரிடம் விரைந்து செல்லுங்கள். பால்பல்லை இவ்வாறு திரும்பப் பொருத்தலாகாது.

பெரியோர்க்கும் ஒரு சொல். வாயை மூன்று விரல் அகலத்திற்குத் திறக்க இயலாமல் நாளடைவில் இறுகி வந்தால், அதனை வெறும் தாடைப் பிடிப்பு என்று எண்ணி எண்ணெய் தடவிக்கொண்டிருக்க வேண்டா. வெற்றிலை பாக்குப் போடுவோருக்குக் கன்னத்தின் உட்புறம் தடித்து இறுகும் நோய் பாக்கினால் உண்டாகிறது. அது புற்றுநோயாகவும் மாறக்கூடும். புகையிலை சேராத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2004-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத வாய்ப்புண்ணையும் மருத்துவரிடம் காட்டியே தீர வேண்டும்.

போலிகளிடம் ஏமாறாதீர்

தனியார் நிபுணரிடம் கம்பி கட்டுவதற்குச் சில ஆயிரம் வெள்ளி செலவாகும். தோட்டத் தொழிலாளர் குடும்பத்திற்கு இது பெருந்தொகை என்பதை நாம் மறுக்கவில்லை. இந்த இயலாமையைப் பயன்படுத்திக்கொண்டு, அழகு நிலையங்களிலும் தங்கும் விடுதி அறைகளிலும் சில நூறு வெள்ளிக்குக் கம்பி கட்டும் போலிகள் தோன்றியுள்ளனர். 2017-ஆம் ஆண்டில் மலாக்காவில் இத்தகைய இளம்பெண் ஒருவருக்கு நீதிமன்றம் 70,000 வெள்ளி அபராதம் விதித்தது. காணொளிகளைப் பார்த்தே அவர் இவ்வேலையைக் கற்றுக்கொண்டார் என்று செய்திகள் கூறின. 1998-ஆம் ஆண்டின் தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டத்தின்படி, அனுமதியின்றி மருத்துவகம் நடத்தும் தனியாருக்கு 300,000 வெள்ளி வரை அபராதமோ, ஆறாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

ஆனால் சட்டம் தண்டித்த பின்னரும் ஆட்டம் கண்ட பல் உறுதிப்படாது. ஊடுகதிர்ப்படம் எடுக்காமல், சொத்தையையும் ஈற்று நோயையும் பாராமல், கண்டபடி இழுக்கப்பட்ட பல் வேரிழந்து விழுந்து விடலாம். தூய்மையற்ற கருவிகளால் தொற்றுநோய் பரவலாம். கழன்ற கம்பி தொண்டைக்குள் செல்லலாம். ஆகவே, சிகிச்சை செய்பவர் மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றவரா, அவ்வாண்டிற்குரிய தொழில் சான்றிதழ் உடையவரா என்று கேட்டறிய நமக்கு உரிமை உண்டு. முறையான மருத்துவர் இக்கேள்விக்குச் சினம் கொள்ளமாட்டார்.

அரசாங்க நிபுணர் மருத்துவகங்களில் கட்டணம் குறைவு. ஆனால் காத்திருப்போர் பலர். சிகிச்சையின் தேவையை ஐந்து படிகளாக அளந்து, கடுமையான குறையுடையோருக்கு முன்னுரிமை தரும் முறை உள்ளது. எனவே, எட்டு அல்லது ஒன்பது வயதிலேயே பிள்ளையைக் காட்டிப் பெயரைப் பதிவு செய்து வைப்பது அறிவுடைமை. வரிசையில் காத்திருக்கும் காலத்தில் சொத்தை வராமல் காத்து, துலக்கும் பழக்கத்தை வளர்த்தால், முறை வரும்பொழுது வாய் சிகிச்சைக்கு ஆயத்தமாக இருக்கும். சொத்தையுள்ள வாயில் எந்த நிபுணரும் கம்பி கட்டமாட்டார்.

பெற்றோர்களே! வரும் விடுமுறை நாளில் உங்கள் பிள்ளையை வாசலில் அமர்த்தி, வெளிச்சத்தில் அதன் வாயைப் பாருங்கள். ஐயம் ஏதேனும் இருப்பின், வகுப்பாசிரியரிடமோ அருகிலுள்ள அரசாங்கப் பல் மருத்துவகத்திலோ தயங்காமல் கேளுங்கள். பிள்ளை கேலிக்கு அஞ்சி வாய் மூடி வளர வேண்டியதில்லை. நன்கு மென்று உண்டு, தெளிவாகப் பேசி, மனம் விட்டுச் சிரித்து வளரட்டும்.